இன்னொருவரின் கர்சர்

கர்சர் மறுபடியும் இடப்பக்கமாகத்தான் போகிறது. அங்கே இல்லை, அங்கே ஒன்றுமே இல்லை என்று வாய்க்குள் முணுமுணுத்தபடி பூமிநாதன் வலக்கையைத் தொடைக்கு அடியில் செருகி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். நாற்பத்தெட்டு வயதில் ஒருவன் தன் கைமேல் தானே உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருக்கிறவர்களில் யாராவது திரும்பிப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. தோன்றியும் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அது நேராக மவுஸுக்குப் போகும். மவுஸ் திரையின் மேல் ஓரத்தில் இருக்கிற அந்தச் சின்னப் பொத்தானுக்குப் போகும். அதை அமுக்கிவிட்டால் தில்லையின் கம்ப்யூட்டர் இங்கிருந்தே அவன் கைக்கு வந்துவிடும், அவள் கர்சர் அவன் சொன்னபடி கேட்கும், இரண்டே நிமிடம், எல்லாம் முடிந்துவிடும். முடிந்துவிடும் என்பதுதான் பயமாக இருந்தது. தில்லைக்கரசி என்று அவளை முழுப்பெயர் சொல்லி அழைக்கிறவர்கள் சம்பளப் பிரிவில் மட்டும்தான், மற்றவர்களுக்குத் தில்லை. கண்ணாடி அறைக்கு வெளியே நாலாவது வரிசையில், இவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னலைத் தூக்கி நாற்காலிக்குப் பின்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து போனால் இருபதடி. ஆனாலும் அவள் திரையை இவன் தன் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவள் குரலை ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருக்கிறான், அவள் தலையைச் சொறிவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்த பிறகுதான் அவள் "ம்ம்ம்" என்று இழுப்பது காதுக்கு வந்து சேர்கிறது. இந்த ஏற்பாடு அவளுடையது. காலையில் அறைக் கதவைப் பாதி திறந்து, உள்ளே வராமலே, சொல்லிவிட்டுப் போனாள். "சார், நீங்க பக்கத்துல வந்து உக்காராதீங்க. ஸ்கிரீன் ஷேர் பண்றேன், பாத்துக்கோங்க. ஆனா நான் கேக்குற வரைக்கும் ஒண்ணும் சொல்லக்கூடாது. அந்த பட்டனையும் அமுக்கக்கூடாது." சரி என்றான். "சரின்னு சொன்னா பத்தாது சார், நிஜமாவே," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் தன்னை வேறு டீமுக்கு மாற்றிவிடும்படி அவள் போட்டிருக்கிற விண்ணப்பம் போன வாரத்திலிருந்து இவன் மெயிலில் கிடக்கிறது. இவன் ஒரு சொடுக்குச் சொடுக்கினால் போய்விடுவாள். "இன்னைக்கு ஒருநாள் பாத்துட்டு அப்புறம் அத என்ன பண்றதுன்னு பேசலாம் சார்" என்று அவள் சொன்னதில் சிரிப்பு இல்லை.

சொல்லக்கூடாது. சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்துவிட்டதே, என்ன செய்ய. தெரியாமல் இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி. திருநெல்வேலியில் ஒரு டயாலிசிஸ் மையம், அங்கே நோயாளிகளுக்கு நாள் குறித்துக் கொடுப்பது இவர்கள் எழுதிய மென்பொருள், அதில் புதிதாக ஒரு வசதி. மறுநாள் வரவேண்டியவர்களுக்கு முதல்நாள் மாலை ஆறு மணிக்குத் தானாகவே குறுஞ்செய்தி போகவேண்டும், நாளை உங்கள் முறை, மறக்காமல் வரவும். இதுவரை நர்ஸுகள் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு மாலையிலிருந்து போட வேண்டியதில்லை என்று வாக்குக் கொடுத்தாயிற்று. நேற்று சோதித்துப் பார்த்ததில் எல்லோருக்கும் சரியாகப் போகிறது, அதிகாலை ஐந்து மணி ஷிஃப்டுக்காரர்களைத் தவிர. அவர்களுக்கு மட்டும் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுகிறது. வியாழக்கிழமை வரவேண்டிய ஆளைப் புதன்கிழமை வா என்கிறது. தில்லை காலையிலிருந்து செய்தி அனுப்புகிற பகுதியில்தான் துழாவிக்கொண்டிருக்கிறாள். வரிசையில் எங்கேயோ சிக்கிக்கொண்ட பழைய செய்தி என்று நினைக்கிறாள். நினைக்கத்தான் செய்வார்கள், இவனும் முதலில் அப்படித்தான் நினைத்திருப்பான். ஆனால் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த நிமிஷத்தில், ஐந்து மணி, ஐந்து மணி மட்டும், ஏழு மணி ஷிஃப்டு சரி, பதினோரு மணி சரி என்று அவள் ஹெட்போனில் தனக்குத்தானே ஒப்பித்துக்கொண்டபோது, பூமிநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஐந்தரைக்கு முன்னால். ஐந்தரைக்கு முன்னால் வருகிறவர்கள் மட்டும். கம்ப்யூட்டர் உள்ளுக்குள் நேரத்தை லண்டன் கணக்கில் வைத்துக்கொள்கிறது, நம் நேரம் வேண்டுமானால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளவேண்டும். இங்கே விடிகாலை ஐந்து என்றால் அங்கே முதல்நாள் ராத்திரி. நர்ஸுகள் பார்க்கிற பட்டியலில் அந்த ஐந்தரை கூட்டப்படுகிறது. குறுஞ்செய்தி அனுப்புகிற இடத்தில் யாரும் கூட்டவில்லை. அவ்வளவுதான். ஒரு வரி. அந்தப் பட்டியலில் ஐந்தரையைக் கையாலேயே கூட்டி எழுதியது யார் என்று கேட்டால், இவன்தான், வேறு யார். லண்டனுக்கு வடக்கே லீட்ஸ் நகரத்திலிருந்து திரும்பி வந்த புதிதில் எழுதியது. பதினேழு வருஷம் அங்கே சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டாவது கடிகாரம் ஒன்று தலைக்குள் ஓடும், இப்போது அங்கே என்ன மணி, அப்பா சாப்பிட்டிருப்பாரா, படுத்திருப்பாரா. குளிர்காலத்தில் ஐந்தரை, வெயில்காலத்தில் நாலரை. அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைக்கிற ஞாயிற்றுக்கிழமை எப்போதும் குழம்பும். அம்மா போனை எடுத்து, "ஒரு மணி நேரமா போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காருடா, பசிக்குது, சாப்பிட விடமாட்டேங்குறார்" என்பாள். அந்தக் கூட்டல் இவனுக்கு மூச்சு மாதிரி. யோசிக்காமல் எழுதியிருப்பான். மூச்சு விடுவதை யார் யோசித்துச் செய்கிறார்கள்.

கர்சர் கீழே இறங்குகிறது. ஒரு கோப்பைத் திறக்கிறாள், மூடுகிறாள், இன்னொன்றைத் திறக்கிறாள். அதுவும் இல்லை. எவ்வளவு மெதுவாகப் படிக்கிறாள். இல்லை, மெதுவாக இல்லை, இவன் விடையைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பதால் மெதுவாகத் தெரிகிறது. காரில் இப்படித்தான். ஊருக்கு வந்தபிறகு செண்பகம் கார் கற்றுக்கொண்டாள், அங்கே இருந்தவரைக்கும் பஸ்ஸிலேயே காலம் தள்ளியவள், இங்கே வந்து கோயம்புத்தூர் சாலையில் ஓட்டியே தீருவேன் என்று நின்றாள். இவன் பக்கத்து இருக்கையில். அவள் எந்த வளைவில் திருப்பினாலும் இவன் வலதுகால் தானாகவே தரையை அமுக்கும், இல்லாத பிரேக்கை. காந்திபுரம் சிக்னலில் ஒருநாள் அவள் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்த்து, "கால எடுங்க" என்றாள். எங்கே எடுக்க. "அங்க பிரேக் இல்லன்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அப்புறம் எதுக்கு மிதிக்கிறீங்க? நீங்க மிதிக்கிறப்பல்லாம் என் கால் உதறுது. ஆட்டோ புடிச்சு வீட்டுக்குப் போங்க." போனான். நிஜமாகவே ஆட்டோ பிடித்துப் போனான். அவள் இவனுக்கு முன்னால் வந்து சேர்ந்து, வாசலில் நின்றபடி, மீட்டர் போட்டானா என்று கேட்டாள். இப்போது கால் இல்லை, கை. பொத்தான் நிஜமாகவே இருக்கிறது, அதுதான் வித்தியாசம், அமுக்கினால் நிஜமாகவே வண்டி நின்றுவிடும். அப்படியானால் அமுக்கத்தானே வேண்டும்? மணி மூன்றரை தாண்டிவிட்டது, ஆறு மணிக்குச் செய்தி போகவேண்டும், விடை தெரிந்த ஆள் இங்கே கையின்மேல் உட்கார்ந்திருக்கிறான், இதற்குப் பெயர் மேலாண்மையா? ரகோத்தமன் கேட்டால் இவன் என்ன சொல்வான். ரகோத்தமன்தான் கம்பெனியின் இயக்குநர், இவனை இந்தக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தவர். "பாதி பாதி, பூமி. பாதி கோடு, பாதி ப்ராஜெக்ட். உன்ன முழுசா மேனேஜரா ஆக்கிட்டா நல்ல புரோகிராமர் ஒருத்தன் போயிடுவான், முழுசா புரோகிராமராவே விட்டா இந்தப் பசங்கள யாரு மேய்க்கிறது? டிகாஷன் பாதி, பால் பாதி. கலந்து குடு." எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டார். கலப்பது யார், எந்த நேரத்தில். காலையில் கோடு, அதாவது நிரல், எழுதலாம் என்று உட்கார்ந்தால் பத்து மணிக்கு ஒரு கூட்டம், கூட்டத்தில் உட்கார்ந்தால் பாதியில் விட்டுவந்த வரி கண்முன்னால் ஆடுகிறது, யாரோ பேசுகிறார்கள், இவன் தலையாட்டுகிறான், எதற்குத் தலையாட்டினோம் என்று அடுத்த நாள்தான் தெரிகிறது. பாதி பாதி இல்லை. இரண்டு முழு வேலை, ஒரு பாதி மனுஷன்.

லீட்ஸில் மேனேஜர் ஒருவர் இருந்தார், கிரகாம். ஒருகாலத்தில் பெரிய புரோகிராமராம். இவன் சேர்ந்தபோது அவர் மேஜையில் கீபோர்டின் எழுத்துகள் எல்லாம் புத்தம்புதிதாக இருந்தன, மற்றவர்களுடையதெல்லாம் தேய்ந்துபோயிருக்க, அவருடையது கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி. யாராவது ஒரு சிக்கலைப் பற்றிப் பேசும்போது பின்னால் வந்து நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லத் தெரியாமல் நிற்கிறார் என்று இளவட்டங்கள் சிரிப்பார்கள், இவனும் சிரித்திருக்கிறான். இப்போது அந்தக் கீபோர்டு அடிக்கடி வருகிறது, கண்ணை மூடினால் வருகிறது. தன்னுடையதைக் குனிந்து பார்த்துக்கொண்டான். இன்னும் தேய்ந்துதான் இருக்கிறது, ஏ காணோம், எஸ் பாதி காணோம். நல்லது. அப்படியே இரு. ஆனால் அந்தத் தேய்மானத்துக்காகத்தானே போன மாதம் அந்தச் சனிக்கிழமை உட்கார்ந்தான். தில்லை நாலு நாள் எழுதிய நினைவூட்டல் பகுதி, வேலை செய்தது, கொஞ்சம் சுற்றிவளைத்து எழுதியிருந்தாள், அவ்வளவுதான், வேலை செய்தது. இவன் வீட்டில் எல்லோரும் எழுவதற்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வரியைத் திருத்தினான். ஒரு வரியைத் திருத்தினால் அடுத்த வரி கோணலாகத் தெரிந்தது. காபி ஆறிப்போனது. செண்பகம் எழுந்து வந்து "லீவு நாள்ல யாரு சொத்துக்கு வேலி போடுறீங்க" என்று கேட்டுவிட்டுப் போனாள். மத்தியானத்துக்குள் முழுவதும் இவன் எழுதியதாகிவிட்டது, அழகாக, இறுக்கமாக, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு மனசு முழுக்க நிறைந்துபோன ஒரு சனிக்கிழமை. ஐந்தரை விடுபட்டிருந்ததை மட்டும் அன்று இவனும் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை அவள் வந்து நின்றாள். "சார், நான் எழுதுனது எங்க?" இருக்கும்மா, கொஞ்சம் க்ளீன் பண்ணேன். "வீட்டப் பெருக்கித் தர்றேன்னு சொல்லிட்டு வீட்டையே இடிச்சுக் கட்டிட்டீங்களே சார்." பக்கத்து வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கவனித்தான், டீமில் யாரும் எதையும் முடித்துத் தருவதில்லை. தொண்ணூறு சதவீதம் எழுதிவிட்டு விட்டுவிடுகிறார்கள். காண்டீனில் ஒருவன் இன்னொருவனிடம், இவன் பின்னால் தட்டோடு நிற்பது தெரியாமல், "விடுடா, எப்படியும் பூமி சார் சனிக்கிழமை வந்து மொழுகிடுவாரு" என்றான். ரசம் ஊற்றிக்கொண்டு வேறு மேஜைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டான், ருசி தெரியவில்லை. முடித்துத் தருகிறவள் ஒருத்திதான் இருந்தாள். அவள்தான் போகிறேன் என்கிறாள். அவள் போய்விட்டால் எல்லாச் சனிக்கிழமையும் இவனுடையதுதான். அதற்கு ஆசைப்படுகிறேனா? உள்ளுக்குள் எங்கேயோ அதற்கும் ஆசைப்படுகிறேனா? இல்லை. கையை இன்னும் உள்ளே தள்ளினான். மரத்துப்போய்விட்டது. இருக்கட்டும்.

போன் அதிர்கிறது. ஸ்டெல்லா சிஸ்டர். அந்த மையத்தின் தலைமை நர்ஸ், மென்பொருள் விஷயமாக என்ன பேசவேண்டுமானாலும் அவரோடுதான். இடதுகையால் எடுத்தான். "சார், இன்னைக்கு ஆறு மணிக்குத் தானாப் போயிரும்லா? பிள்ளைகள்ட்ட எல்லாம் சொல்லிட்டேன், இனிமே போன் போடவேண்டாம்ட்டீன்னு. ஒருத்தி கேக் வாங்கிட்டு வந்திருக்கா." கேக்கா. கேக் வேறா. "நாலரைக்கு உங்களுக்கு உறுதியாச் சொல்லிடறேன் சிஸ்டர்." அந்தப்பக்கம் ஏதோ ஒரு மிஷின் கீச் கீச்சென்று கத்தியது. "உறுதியாச் சொல்லுதேன்னா, அப்பம் இப்ப உறுதி இல்லையாக்கும்?" நாலரைக்குச் சொல்கிறேன் என்று மறுபடியும் சொல்லி வைத்தான். இப்போது அமுக்கினால் என்ன. ஒரே ஒரு தடவை. கேக்குக்காக. தில்லையிடம் அப்புறம் பேசிச் சமாதானம் செய்துகொள்ளலாம், விஷயம் அவசரம் என்றால் அவளுக்கும் புரியாதா. புரியும். புரிந்துகொண்டு அடுத்த வாரம் வேறு டீமில் உட்கார்ந்திருப்பாள். அதோடு, அவசரம் இல்லாத வேலை இந்த ஊரில் எது, ஒவ்வொரு தடவையும் ஒரு கேக் இருக்கும், ஒவ்வொரு தடவையும் ஒரு ஆறு மணி இருக்கும். மாட்டேன். நாலரை வரைக்கும் இந்தக் கையை எடுக்க மாட்டேன். வாய் பேசாமல் இருப்பது மரியாதையா இல்லை வீம்பா என்று ஒரு சந்தேகம் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. பார்க்கட்டும். அடுத்த மாதம் இன்னொரு ப்ராஜெக்டும் இவன் தலையில் வருகிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த மையத்திலிருந்து போன் வந்தால் எடுக்கப்போவது தில்லை, இவன் இல்லை. அவளுக்கு இந்த வீட்டின் இண்டு இடுக்கெல்லாம் தெரிந்திருக்கவேண்டும், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் தெரியாது. அவளே இருட்டில் தடவி, முட்டிக்கொண்டு, ச்சே என்று சொல்லி, சுவரைப் பிடித்து நடந்து போகவேண்டும். இதோ, "ச்சே" என்கிறாள். நல்ல சகுனம். செய்திப் பகுதியை மூடுகிறாள். மூடிவிட்டாள். எழுந்து நின்று கையை மேலே தூக்கிச் சோம்பல் முறிக்கிறாள், பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிக்கிறாள், இவன் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாதே. திரும்பினால் என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். உட்கார்ந்தாள். சோதனைத் தரவைத் திறந்து ஐந்து மணி நோயாளியின் நேரத்தை நாலரைக்கு மாற்றுகிறாள். ஓடவிடுகிறாள். தப்பு. ஐந்தே காலுக்கு மாற்றுகிறாள். தப்பு. ஐந்தே முக்கால். சரியாக வருகிறது. கர்சர் அப்படியே நிற்கிறது, அசைவே இல்லை, துடிப்பு மட்டும். "அஞ்சரை," என்றாள் மெதுவாக, யாரிடமோ சொல்வதுபோல. பிறகு, "அட, நம்ம அஞ்சரை." பூமிநாதன் இடதுகையால் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். செண்பகம் ஒருநாள் தனியாகவே மேட்டுப்பாளையம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் அங்கிருந்து போன் செய்தபோதும் போனை இப்படித்தான் அழுத்திக்கொண்டான்.

அதற்கப்புறம் அவள் போன வேகத்தில் இவன் கண் பின்னால் ஓடவேண்டியிருந்தது. நர்ஸுகளின் பட்டியலைத் திறந்தாள், இவன் எழுதிய வரியில் வந்து நின்றாள். இப்போது அதை நகல் எடுத்துச் செய்தி அனுப்புகிற இடத்தில் ஒட்டுவாள், முடிந்தது, நாலரைக்கு முன்னாலேயே முடிந்தது, கேக் வெட்டலாம். எடு, ஒட்டு. ஆனால் கர்சர் ஒட்டப் போகவில்லை. அந்த ஐந்தரை வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று கம்ப்யூட்டரைத் தேடச் சொன்னாள். திரையின் ஓரத்தில் வரிசையாக வந்து விழுந்தது, பட்டியலில், அச்சடிக்கிற பக்கத்தில், மருந்துச் சீட்டில், மாத அறிக்கையில், இவன் தொட்ட இடமெல்லாம். இத்தனை இடத்திலா? கூசியது. "சார், இப்ப கேக்கலாமா?" கேள் என்று சொல்ல வாயெடுத்தான், மைக் மூடியிருந்தது, கை மரத்திருந்தது, இடதுகையால் தட்டுத்தடுமாறித் திறந்து, "கேளும்மா" என்றான். விடையைத்தான் கேட்பாள் என்று நினைத்தான், அது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். "பினாங்கு?" பினாங்கு. திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று இவனே அறிவித்தான், அடுத்து பினாங்கில் ஒரு ஆஸ்பத்திரி இதே மென்பொருளை எடுக்கிறது, ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்று. கைதட்டினார்கள். அங்கே எட்டு மணி நேரம் கூட்டவேண்டும், ஐந்தரை இல்லை. மேனேஜர் பூமிநாதனுக்குப் பினாங்கு தெரியும். புரோகிராமர் பூமிநாதனுக்கு ஐந்தரை தெரியும். இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் ஒரு மணி நேரமாக ஒரே கையின்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த இரண்டு நிமிட வைத்தியத்தை இவன் செய்திருந்தால் இன்னொரு இடத்தில் இன்னொரு ஐந்தரையை நட்டுவிட்டு வெற்றியோடு வீட்டுக்குப் போயிருப்பான். "இருக்கீங்களா சார்?" இருக்கிறேன். "இத இன்னொரு இடத்துல ஒட்டுனா இன்னைக்கே முடிஞ்சிரும். ஆனா எனக்கு அது பிடிக்கல. எல்லா இடத்துலயும் புடுங்கிட்டு, அந்தந்த ஆஸ்பத்திரிக்கு என்ன நேரமோ அதை ஒரே இடத்துல வைக்கணும். நாளைக்கு மத்தியானம் ஆகும்." குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு ஒட்டிட்டு நாளைக்குப் புடுங்கலாம்னும் சொல்லலாம். ஆனா நாளைக்கு நீங்க வேற தீ அணைக்கப் போயிருவீங்க. நம்ம ஊர்ல ஒட்டுனது ஒட்டுனதுதான் சார்." பூமிநாதன் கண்ணாடி வழியாகப் பார்த்தான். அவள் திரும்பியிருந்தாள். நாலு வரிசைக்கு அப்பாலிருந்து நேராக இவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நேரமும் இவன் நிரலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தான், யார் எழுதுவது, யார் திருத்துவது என்று. அவள் கேட்பது நிரல் இல்லை. ஒரு நாள் கேட்கிறாள். அதை எழுதித் தர முடியாது, டைப் அடித்துத் தர முடியாது, அதை வாங்கிவர இந்த அலுவலகத்தில் இருக்கிற ஒரே ஆள் இவன்தான். இவனுக்கு அவள் வயதில் ஒரு நாள் வாங்கித் தர யாருமே இல்லை. கிரகாம்கூட. இல்லை, கிரகாம் பின்னால் வந்து பேசாமல் நின்றாரே, அப்புறம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ வெகுநேரம் போன் பேசுவாரே. அது என்ன போன் என்று இவன் ஒருநாளும் கேட்டதில்லை. "எடுத்துக்கோ," என்றான். "நாளைக்கு மத்தியானம். நான் பேசிக்கறேன்."

போனைக் கையில் எடுத்தபோது வலதுகையில் எறும்பு ஊர்ந்தது. நாலரை ஆகவில்லை, இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லக்கூடாது, அது பொய் இல்லை, ஆனாலும் பொய். எப்படி ஆரம்பிப்பது. கோடு என்றால் எழுதி அழித்து எழுதலாம், வாயில் வந்ததை அழிக்க முடியாது. "சிஸ்டர், பூமிநாதன். இன்னைக்கு விடல." நேராகவே சொல்லிவிட்டான். "அந்தக் கேக்க என்ன செய்யட்டும்?" என்றார் ஸ்டெல்லா சிஸ்டர். இன்றைக்கு விட்டால் ஐந்து மணி ஷிஃப்டுக்காரர்களுக்குத் தேதி தப்பாகப் போகும், அதனால் விட மாட்டேன், நாளைக்கு மாலை போகும், இன்றைக்கு ஒருநாள் நீங்களே போன் போட்டுவிடுங்கள் என்றான். "அஞ்சு மணிக்காரங்களா? ஐயோ, அதுல பாதிப்பேரு கடையம், ஆழ்வார்குறிச்சின்னு அங்கிட்டு இருந்து நடுராத்திரியே கெளம்பி வருதாங்க சார். நாள் மாத்திச் சொன்னா அந்தப் பாவம் உங்களுக்கா எனக்கா?" எனக்குத்தான் சிஸ்டர். அதனாலதான். "அது சரி. அதுக்குன்னு நாளைக்கும் இதே கதையச் சொன்னீங்கன்னு வைங்க, நம்பர் எல்லாத்தையும் உங்களுக்கு அனுப்பிருவேன், நீங்களே உக்காந்து ஒவ்வொருத்தருக்கா போன் போடுங்க. அதுல ஒரு தாத்தாவுக்குக் காது கேக்காது, பாத்துக்கிடுங்க." அனுப்புங்க, போடறேன் என்றான். சிரிக்கவில்லை, நிஜமாகவே போடுவான். அது அந்த அம்மாளுக்கும் புரிந்திருக்கவேண்டும், ஒரு பெருமூச்சு விட்டு, "சரி, கேக்க இன்னைக்கே வெட்டிருதோம். நாளைக்கு வரைக்கும் தாங்காது" என்று வைத்துவிட்டார். பூமிநாதன் போனை மேஜைமேல் வைத்தான். உடம்பு முழுக்க வியர்த்திருந்தது, ஏசி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியதைவிடக் களைத்திருந்தது. ரகோத்தமனிடம் சொல்லவேண்டும், அவர் கத்துவார், கத்தட்டும், நாளைக்கு மத்தியானம் என்பதில் மாற்றமில்லை.

ஹெட்போனில் தொண்டையைச் செருமுகிற சத்தம். இணைப்பை அவள் இன்னும் துண்டிக்கவில்லை, மைக்கை இவனும் மூடவில்லை. பேசியதெல்லாம் கேட்டிருக்கிறது. "சார், உங்களுக்கு மொதல்லயே தெரிஞ்சுபோச்சுல்ல?" எது? "அஞ்சரை." பொய் சொல்லலாமா என்று ஒரு கணம். "சாப்பிட்டு வந்ததும் தெரிஞ்சுது." "அதான் நெனச்சேன். உங்க மைக்கு மூடியே இருந்துச்சு, ஒரு 'ம்'கூட வரல. ரொம்ப நேரம் சும்மா இருந்தீங்க, நீங்க சும்மாவே இருக்கமாட்டீங்களே." பிறகு, சாதாரணமாக, வேறு ஏதோ கோப்பைத் திறந்துகொண்டே, "அந்த ட்ரான்ஸ்ஃபர் மெயில இன்னும் ஒண்ணும் பண்ணலையே?" இல்லை. "ஒண்ணும் பண்ணாதீங்க. நாளைக்குச் சொல்றேன்." நாளைக்கா? "நாளைக்கு மத்தியானம். எல்லாமே நாளைக்கு மத்தியானம்." அவள் சிரித்தது முதலில் கண்ணாடியில் தெரிந்தது, அப்புறம் காதில் கேட்டது. "இப்ப உங்களுக்கு ஒரு வேலை தர்றேன் சார், செய்வீங்களா? எனக்கு டெஸ்ட் எழுதிக் குடுங்க. திருநெல்வேலிக்கு ஒண்ணு, பினாங்குக்கு ஒண்ணு. அதை மட்டும். பக்கத்துல இருக்கிற எதையும் பெருக்க வேணாம்." சரிங்க மேடம் என்றான். அவள் திரை இவன் திரையிலிருந்து மறைந்தது.

பூமிநாதன் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். விரல் ஒவ்வொன்றாக உயிர் வந்தது. புதிதாக ஒரு கோப்பைத் திறந்தான், வெள்ளையாக, ஒன்றுமில்லாமல், துடிக்கிற கர்சரோடு, இது தன்னுடையது. டெஸ்ட் என்பது சின்ன விஷயம்தான், ஒரு நிரல் சரியாக நடக்கிறதா என்று கேட்கிற இன்னொரு நிரல், சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு. ஒரு நோயாளியை உண்டாக்கினான். பெயர் வைக்கவேண்டுமே, ஆழ்வார்குறிச்சிக்காரர், காது கேட்காதவர். வியாழக்கிழமை விடிகாலை ஐந்து மணி. அவருக்குச் செய்தி புதன்கிழமை மாலையில் போகவேண்டும், செவ்வாய்க்கிழமை போகக்கூடாது. நடுராத்திரியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறார் அவர், சரியான நாளில் நிற்கவேண்டும், அவ்வளவுதான் கேள்வி. எழுதினான். எஸ் பாதியும் ஏ முழுவதும் அழிந்த எழுத்துகளின்மேல் விரல்கள் பார்க்காமலே போயின. இரண்டாவது, பினாங்கில் ஒரு அம்மாள், எட்டு மணி நேர வித்தியாசம். கணக்கில் லீட்ஸும் இல்லை, அப்பாவும் இல்லை, ஐந்தரை என்று எங்கேயும் கையால் எழுதவில்லை. ஓடவிட்டான். சிவப்பு. இரண்டும் சிவப்பு. பழக்கதோஷம், கை உடனே அந்தப் பழைய வரியை நோக்கிப் போயிற்று, ஒரே ஒரு வரி, ஒட்டினால் ஆழ்வார்குறிச்சிக்காரருக்காவது பச்சையாகிவிடும். போன கை பாதியில் நின்றது. சிவப்பாகத்தான் இருக்கவேண்டும். தில்லை நாளைக்கு வந்து பச்சையாக்குகிற வரைக்கும் இது சிவப்பாக இருப்பதுதான் சரி, இருந்தால்தான் அவளுக்கு எங்கே போகவேண்டும் என்று தெரியும். தன் பெயரில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், இரண்டு சிவப்பை அப்படியே ஏற்றிவைத்தான். வாழ்க்கையில் முதல்தடவையாக. ஏற்றிவிட்டு எழுந்து, கண்ணாடிக் கதவைத் திறந்து, தில்லையின் வரிசைப் பக்கம் பார்க்காமல், டீ குடிக்கப் போனான்.